நல்ல துணி

யப்பான்காரனின் குண்டுக்குத் தப்பிச் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சனத்துக்கு, கற்பிட்டி மாதாகோயில் வளவில் மக்தலேனாதான் உடுப்புப் பங்கிட்டாள். இரக்கமுள்ளவள், ஆனால் ஒரு முழத் துணியையும் வீண்போக விடமாட்டாள்.

நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு சிறுமிக்கு நீலச் சட்டையொன்றை எடுத்து நீட்டினாள்.

"கொஞ்சம் பெரிசுதான். ஆனா கிழிசல் ஒண்டும் இல்ல. போடு, மகள்."

சிறுமியின் தாய் சட்டையின் கழுத்துத் தையலைத் தடவினாள். அவள் முகம் மலர்ந்தது.

"அக்கா, இது என் கைத்தையல்! முந்தின கப்பல்ல அத்தையோட அனுப்பின என் மூத்தவ போட்டிருந்தது. அப்போ அவ பத்திரமா வந்து சேர்ந்துட்டா! எங்கே அவ?"



போன கிழமை மீனவரின் கரைவலையில் அகப்பட்ட பிள்ளையின் உடலைப் புதைக்கும்போது, நல்ல துணி மண்ணுக்குள் போவானேன் என்று அந்த நீலச் சட்டையைக் கழற்றி எடுத்தவள் மக்தலேனாதான்.