அப்பா வண்டிக்குச் சாதா ஆயில்

“ஏன்டா, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

அக்கா போட்ட சத்தத்தில், அப்பாவின் காருக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை வடித்துக்கொண்டிருந்த தம்பி, தலையை நங்கென்று இடித்துக்கொண்டான்.

“மெதுவாத்தான் கேளேன். என்ன விஷயம்?”

“உன் காரும் ஹைபிரிட். அப்பா காரும் ஹைபிரிட். உன் வண்டிக்கு என்ன ஆயில் ஊத்துற?”

“சிந்தெட்டிக்.”

“அப்பா வண்டிக்கு?”

வடிகிற ஆயிலைப் பார்ப்பதுபோலத் தம்பி திரும்பிக்கொண்டான். பக்கத்தில் இருந்த டப்பாவை அவளே திருப்பிப் பார்த்தாள். சாதா ஆயில். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்தது.

“உன்னோடதுன்னா உசத்தி. அப்பாவோடதுன்னா இளப்பம். அப்படித்தானே?”

“இந்த வண்டி பாதி நேரம் பேட்டரியிலதான் ஓடுதுக்கா. இன்ஜின் சும்மாதான் கிடக்கு. அதுக்கு இது போதும்.”

“என்கிட்டயே கதை விடாத. கடைக்காரரைக் கேட்டுட்டுத்தான் வரேன். இன்ஜின் நின்னு நின்னு கிளம்புறதாலதான் இந்த மாதிரி வண்டிக்கு நல்ல ஆயில் வேணுமாம். சூடே ஏறாத இன்ஜினுக்குள்ளகூட சிந்தெட்டிக் சட்டுனு பரவிடுமாம்.”

பையிலிருந்து ஒரு புது சிந்தெட்டிக் டப்பாவை எடுத்துத் தரையில் தொம்மென்று வைத்தாள்.

“என் காசு. இதை ஊத்து.”

“வேண்டாம்க்கா. வண்டியோட கொடுத்த புத்தகத்துல ரெண்டுல எதை வேணா ஊத்தலாம்னுதான் போட்டிருக்கு. சாதா ஆயில்னா அடிக்கடி மாத்தணும், அவ்வளவுதான்.”

டீ கொண்டுவந்த அம்மா, “ஆண்டவா, ஒரு டப்பா எண்ணெய்க்கா இந்தக் கூத்து?” என்றாள். “அவன் ஊத்துறதை ஊத்தட்டும், விடும்மா.”

“நீ என்னைக்கும்மா என் பக்கம் பேசியிருக்க?”

உள்ளே இருந்து அப்பாவின் குரல் வந்தது.

“டேய், வளவளன்னு பேசாம வேலையை முடிச்சிட்டுக் கிளம்புற வழியைப் பாரு. நாளைக்கு ஆபீஸ் இருக்குல்ல?”

இது புதிதில்லை. ஜுரத்தோடும் வேலைக்குப் போய் ரிட்டயர் ஆன மனுஷன். யார் லீவு போட்டாலும் அவருக்கு ஆகாது. அவருடைய போன பிறந்தநாளுக்குத் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோதுகூட, “எனக்கு என்ன ஆயிடுச்சுன்னு ஓடி வந்த?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “நீ ஊத்தலேன்னா நான் ஊத்துறேன்” என்று புது டப்பாவின் மூடியைத் திருகினாள்.

“ஐயோ! அடியில இன்னும் போல்ட் போடலக்கா. அத்தனையும் என் மூஞ்சியிலதான் கொட்டும்!”

அடித்துப் பிடித்து வெளியே வந்தவன், இன்ஜின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

“கையை எடுடா.”

“அக்கா, சொன்னாக் கேளு. இதை ஊத்தினா ஒரு வருஷம் தாங்கிடும்.”

“நல்லதுதானே?”

“அப்புறம் நான் என்னன்னு சொல்லிட்டு இங்க வர்றது?”

அக்காவுக்கு உடனே புரியவில்லை. அவன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“சும்மா வந்தாத் திட்டுறார். ஸ்பேனரோட வந்தா ஒண்ணும் சொல்றதில்ல. ஒர்க் ஷாப்காரன் கையில வண்டியைக் கொடுக்க அவருக்கு மனசும் வராது. டார்ச் பிடிக்கிறேன்னு ஸ்டூலைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துடுவார். சாயங்காலம் வரைக்கும் பேச்சுத்தான். சின்ன வயசுல ஒருநாளாவது நம்மகிட்ட அப்படிப் பேசியிருக்காரா? சாதா ஆயில்னா ஆறு மாசத்துல மறுபடி வந்துடலாம்க்கா.”

அக்கா மூடியைத் திரும்பவும் இறுக்கினாள். இந்த வீட்டுக்கு அவளே ரொம்ப நாள் கழித்துத்தான் வந்திருக்கிறாள். அதுவும், பக்கத்தில் ஒரு கல்யாணம் இருந்ததால்.

ஆறிப்போன டீயைச் சுட வைப்பதுபோல அம்மா உள்ளே போய்விட்டாள்.

“அப்போ நான் எந்தச் சாக்கு வெச்சுடா வர்றது?”

“வைப்பர் மாத்தத் தெரியுமா?”

“வாயில நல்லா வந்துடும்!”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கையில் ஸ்டூலும் மறு கையில் டார்ச்சுமாக அப்பா வந்தார்.

இரண்டு டப்பாக்களையும் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புது டப்பாவில் இருந்ததை ஒரு வரி விடாமல் படித்தார்.

“நல்ல ஆயில்தான். ஒரு வருஷம் உழைக்கும்போல இருக்கே?”

“ஆமாப்பா” என்றான் தம்பி.

“நீதான் வாங்கிட்டு வந்தியாம்மா?” என்று மகளைக் கேட்டார்.

“ஆமாப்பா.”

“மாப்பிள்ளை வண்டிக்கு ஊத்திக்கோ. நம்ம வண்டிக்கு இது சரிப்பட்டு வராது.”

டப்பாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தம்பி மறுபடி காருக்கு அடியில் நுழைந்து போல்ட்டை இறுக்க ஆரம்பித்தான்.

டார்ச் வெளிச்சத்தை அவன் கைமேல் பிடித்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் அப்பா கேட்டார்:

“ஏன்டா, இந்தச் சாதா ஆயில்... நம்ம தெருவுல இருக்கிற புழுதிக்கு ஆறு மாசம் தாங்குமா? மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திட்டா நல்லதில்லையா?”