விரலை இழுக்கும் காற்று

வாசலில் பானெட் திறந்த கார் குலுங்கிக்கொண்டு நிற்கிறது. நேற்று அவள் கணவன் தன் கையாலேயே மாட்டிய புதிய காற்றுக் குழாய் வெயிலில் பளபளக்கிறது; என்ஜினோ அணையப்போவதுபோல் தாழ்ந்து தாழ்ந்து எழுகிறது. ஒரு கண்ணில் கட்டோடு பின் சீட்டில் இருக்கும் மாமனாரை அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். “வாடகைக் கார் கூப்பிட்டுக்கலாமே,” என்கிறார் அவர். “பழசையே மாட்டிடறேம்பா,” என்கிறான் கணவன், யார் முகத்தையும் பார்க்காமல். “கொஞ்சம் இருங்க, எங்கயோ உஸ்ஸுன்னு கேக்குது,” என்று அவள் குனிந்து, குழாயின்மேல் விரல்களை மெல்ல நகர்த்துகிறாள். என்ஜினோடு சேரும் ரப்பர் இணைப்பின் அடியில் காற்று அவள் விரல் நுனியை இழுக்கிறது. உள்ளங்கையால் பொத்துகிறாள், குலுக்கல் அடங்குகிறது. எடுத்தால் மறுபடி குலுங்குகிறது. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வேண்டுமென்றே இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கிறாள். “கிளாம்ப்பை நான் சரியா முடுக்கல. கையை எடுத்துடாத,” என்று அவன் இணைப்பை இறுக்கும் வளையத்தில் ஸ்குரூடிரைவரை நுழைத்துத் திருகுகிறான். அவள் ஒவ்வொரு விரலாக விலக்குகிறாள். இருவரும் மூச்சுவிடாமல் அடுத்த குலுக்கலுக்குக் காத்து நிற்கிறார்கள். அது வரவில்லை. “என்ன, வண்டிய அணைச்சுட்டீங்களா?” என்று கேட்கிறார் மாமனார்.