கடைசியாகத் திறந்தவர்

அலுவலகத்தை மூடிய அன்று, மற்றவர்கள் கணினிகளில் விட்டுப்போன குடும்பப் படங்களை நிர்மலாதான் ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தாள். ஒரு கணினியைக் கடைசியாகத் திறந்தவரே அதற்குப் பொறுப்பு என்பது சட்டம். மறுசுழற்சி ஆலை அழைக்கும்வரை அதை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அதுவரை ஊரைவிட்டுப் போகக் கூடாது. இப்போது அம்பத்தூரில் அவளுடைய சின்ன வீட்டுக்குள் ஒருக்களித்துத்தான் நடக்க முடிகிறது.

கோவையில் புது வேலை கிடைத்திருக்கிறது. நாளை சேர வேண்டும். ஆலை இன்னும் அழைக்கவில்லை.

“உன் நல்ல மனசுக்குச் சிலையே வைக்கலாம்டி,” என்ற அவள் கணவன் தணிகை, ஒரு கணினியை இயக்கி விரலை வைத்தான். திரையில் அவன் பெயர் வந்தது.

“ஐயோ, தொடாதீங்க! அப்புறம் நீங்க எங்கயும் போக முடியாது.”

“ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டு முழிக்கிறதுக்கு, நான் ஒருத்தன் இருந்துட்டுப் போறேன். நீ பாப்பாவக் கூட்டிட்டுக் கிளம்பு.”

அவன் அடுத்ததைத் திறந்தான். பிறகு அதற்கடுத்ததை. கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள், நினைத்துக்கொண்டே நின்றாள். எல்லாம் முடிந்ததென்று அவன் நெற்றியைத் துடைத்தபோது, அவள் குரல் மெல்ல எழுந்தது.

“பீரோவுக்குப் பின்னாடி இன்னும் ஒண்ணு இருக்குங்க.”