குணாவுக்கு ஒரு துணை

"இன்னா குணா, முடியலையா? வோணும்னா கொஞ்சம் நின்னுட்டுப் போலாம்."

சேவூர் ஏரிக்கரையில் திருமலை இடுப்பில் கை வைத்து நின்றார். ஓட்டக் கிளப்பின் மற்ற ஆட்களெல்லாம் மதகைத் தாண்டி எறும்பு வரிசை மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள்.

"நிக்கலாம்ணா" என்றான் குணா. அங்கேயே உட்கார்ந்து ஷூ லேசை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான்.

தினமும் இதே பேஜார். வழியெல்லாம் அவனுக்கு லேஸ் கட்டுகிற வேலைதான். தறியில் அறுந்த பட்டு இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிறவர் நெசவாளி திருமலை. களம்பூர் ரைஸ் மில்லில் நெல் மூட்டை இறக்குகிற இவனுக்கு ஒரு முடிச்சு நிற்காதா என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

"கட்டிகினு... மெதுவா... வா. ஜல்தி... ஒண்ணுமில்ல."

"சரிண்ணா. நேத்து மில்லுல இன்னா நடந்துச்சி தெரியுமா? லாரிக்காரன் தார்ப்பாயக் கட்டாம வந்து, பாதி நெல்லு ரோட்டுல. கோழிங்க எல்லாம் ஊர்வலமா வருது." குணா கதையைச் சொல்லிக்கொண்டே அரை அடி பின்னால் ஓடி வந்தான். பதில் பேசத் திருமலைக்குத் தோதுப்படவில்லை. "உம்" கொட்டினார்.

யார் வந்தாலும் வாங்க என்று சேர்த்துக்கொள்கிற கிளப் அது. வந்தவனுக்கு மஞ்சள் பனியன், ஓடி முடித்தால் கேழ்வரகுக் கூழ். சட்டம் ஒன்றே ஒன்று: எவரையும் தனியாக விட்டுவிட்டு ஓடக்கூடாது.

தலைவர் கமலக்கண்ணன் பட்டுக்கடைக்காரர். அவருக்கு எல்லாமே தறிக்கணக்குதான். குணா சேர்ந்த அன்று திருமலையை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ண்ணா, புதுப் பையன் வந்திருக்கான். கோர்வைக்கு ரெண்டு பேரு உக்கார மாதிரி, நீங்க ரெண்டு பேரும் சேந்தே ஓடுங்க."

கோர்வைச் சேலைக்கு ஒருவர் உடலை நெய்வார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரை இழை சுற்றிய நாடாவைத் தறியின் குறுக்கே வீசுவார். முதல் ஆளின் வேகத்துக்கு அவர்தான் ஒத்துப் போக வேண்டும். திருமலை இதுவரை நாடா வீசுகிற பக்கம் உட்கார்ந்ததே இல்லை, அது அவர் மனைவியின் இடம். அதனால் இங்கே யாருக்கு யார் துணை என்று அவர் கேட்கவுமில்லை.

இப்போது அந்தத் துணைதான் கழுத்தைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் ஓட்டம். மகள் சிவசங்கரி சென்னையில் மாமியார் வீட்டில் பெருமை அடித்துவிட்டாள்: "எங்கப்பாதான் கிளப்புல புதுசா வரவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கறாரு." குடும்பத்தோடு பார்க்க வருகிறார்கள்.

சம்பந்தி ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். கல்யாணப் பந்தியிலேயே திருமலையின் தொப்பையைப் பார்த்து, "உக்காந்துகினே வேலை செய்யறவங்களுக்கு இப்டித்தான்" என்று பாயசத்தைத் தள்ளி வைக்கச் சொன்ன மனுஷன். அந்த ஆள் எதிரில் கடைசியாக வந்து நிற்பதைவிடக் கடலில் இறங்கிவிடலாம்.

கூழ் குடிக்கும்போது கமலக்கண்ணனிடம் கேட்டே விட்டார். "இந்த ஒரு வாட்டி குணாவை வேற யார்கிட்டயாவது தள்ளி உடுங்க தலைவரே."

கமலக்கண்ணன் வெங்காயத்தைக் கடித்தார். "வேணாம்ணா. சோடி நல்லா செட் ஆயிடுச்சி. கலைக்காதீங்க."

பொறுமைசாலி தலையில்தான் எல்லோரும் மூட்டை ஏற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் திருமலை.

ஞாயிறு விடிந்தது. கடல் பளபளவென்று கிடந்தது, உப்புக்காற்று பனியனைப் படபடவென்று அடித்தது. வந்தவர்களெல்லாம் படகுகளுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். திருமலை கடல் பக்கமே திரும்பவில்லை.

ஓட்டம் கிளம்பித் திரும்பி வந்து முடிகிற கோட்டின் ஓரத்தில் சம்பந்தி வெள்ளைத் தொப்பியோடு நின்றிருந்தார். செல்போனை இப்போதே வீடியோவுக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் சிவசங்கரி, "அப்பா, ஃபர்ஸ்ட்டு வரணும்!" என்று கை ஆட்டினாள்.

திருமலை குணாவின் தோளில் கை போட்டு ஒரு படகின் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். சொல்லவே சங்கடமாக இருந்தது. நல்ல பையன், மனசு உடைந்து போவான்.

"குணா, தப்பா நெனச்சிக்காதபா. உன்னால இன்னா ஆவுமோ அதத்தான் நீயும் செய்யற, எனக்குத் தெரியும். ஆனா இன்னிக்கு ஒரு நாளு நான் முன்னாடி கும்பலோட ஓடிடறேன். நீ உன் ஸ்பீடுக்கு வா. பயப்படாத, வழி நேர் வழிதான்."

குணா அவரையே பார்த்தான். முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தார் திருமலை. அது தீபாவளிக்குப் பட்டாசு கிடைத்த மாதிரி மலர்ந்தது.

"நெசமாவாண்ணா? நான் என் ஸ்பீடுக்கு ஓடலாமா?"

"ஓடு ராஜா. யாரு கேக்கப் போறாங்க?"

குணா திரும்பிக் கமலக்கண்ணன் எங்கே என்று தேடினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினான்.

"அப்ப தலைவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணா. உங்களத் தனியா உட்டுட்டு ஓடினா, என்னைக் கிளப்பை உட்டே தூக்கிடுவேன்னு சொல்லிகிறாரு!"