பெருமூச்சுத் தள்ளுபடி

“சார், அந்தம்மா பையைச் சோதனை போட்டுரவா?”

வாட்ச்மேனுக்கு அந்தக் கடையில் அன்றுதான் முதல் நாள். கேமராத் திரையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி வெகுநேரமாக அலமாரி அலமாரியாக நடந்துகொண்டிருந்தார். எதையாவது எடுப்பார், புரட்டிப் பார்ப்பார், அக்கம்பக்கம் பார்ப்பார், வைத்துவிடுவார். கூடையில் ஒரே ஒரு உப்புப் பாக்கெட் கிடந்தது.

மேனேஜர் பதறிப்போய் எழுந்தார். “வாயை மூடுய்யா! அவங்க மேல கை வச்சே, நம்ம கடைக்கே பூட்டுதான்.”

“யாரு சார், முதலாளிக்குச் சொந்தமா?”

“அதுக்கும் மேல. அவங்கதான் பெருமூச்சு அம்மா. நான் வச்ச பேரு.”

அந்தப் பெயர்மேல் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதையை ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் பில் கவுண்டரில் இருந்த கேஷியர் பெண், மனப்பாடமான பாடத்தைக் கேட்பவள்போல் தலையாட்டினாள். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றும் இதே கதை சொல்லப்பட்டிருந்தது.

அந்த வட்டாரத்து ஆலைகள் ஒவ்வொன்றாக ஷிஃப்டைக் குறைத்த பிறகு, சனங்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். தள்ளுவண்டி நிறைய அள்ளிக்கொண்டு போனவர்கள், இப்போது ஏசிக் காற்று வாங்கத்தான் கடைக்கு வந்தார்கள். விற்பனை ஏறாவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. போனால் போகிறதென்று ஒரு சலுகையும் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் மேனேஜர் தன் இஷ்டப்படி விலையைக் குறைக்கலாம்.

“எதைக் குறைக்கிறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன்யா. சென்ட் பாட்டிலுக்குக் குறைச்சேன், ஒரு ஈ கூட மொய்க்கலை. அப்பத்தான் இந்தம்மா வந்தாங்க. சோப்புத்தூளை எடுத்தாங்க, விலையைப் பாத்தாங்க, அடிவயித்துலேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுட்டுத் திருப்பி வச்சுட்டாங்க. சும்மா பாப்போமேன்னு அதுக்கு விலையைக் குறைச்சேன். சாயங்காலத்துக்குள்ள அலமாரி காலி!”

“அடேங்கப்பா!”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க? அந்த ஒரு சோறு இவங்கதான். இவங்க எங்க பெருமூச்சு விடுறாங்களோ, அங்க தள்ளுபடி. அன்னிலேர்ந்து ஏறுமுகம்தான்!”

“சார் மூளையே மூளை, அண்ணே” என்றாள் கேஷியர் பெண். கணவனுக்கு ஆலையில் வேலை போனதும், கைக்குழந்தையை அவனிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் அவள். எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற பெண் என்பதால் மேனேஜருக்கு அவள்மேல் தனி மதிப்பு.

“நின்னுட்டாங்க, நின்னுட்டாங்க!” என்று வாட்ச்மேன் கத்தினார்.

மூவரும் திரையை மொய்த்தார்கள். அந்த அம்மா ஒரு பெரிய பாக்கெட்டை எடுத்தார், விலையைப் பார்த்தார். கேமராவில் சத்தம் கேட்காது. ஆனாலும் தோள்கள் இரண்டும் ஏறி இறங்கிய வேகத்தில், அது சாதாரணப் பெருமூச்சு இல்லை என்பது தெரிந்தது.

மேனேஜரின் முகம் தொங்கிப்போனது. “டயப்பரா?”

அவர் குளியல் சோப்பை எதிர்பார்த்து அட்டையெல்லாம் எழுதி வைத்திருந்தார். அன்று மாதக் கடைசி, சாயங்காலம் தலைமை அலுவலகம் கணக்குக் கேட்கும். இன்று சறுக்கினால் கடையும் போச்சு, அவர் வேலையும் போச்சு.

“இவங்க குழந்தையோட வந்து நான் பாத்ததே இல்லையே. இவங்களுக்கு எதுக்கு டயப்பர்?”

“கை தவறி எடுத்திருப்பாங்க சார்” என்றார் வாட்ச்மேன்.

“அப்படிச் சொல்லாதீங்க அண்ணே” என்று கேஷியர் பெண் குறுக்கிட்டாள். “குழந்தை இல்லாதவங்களே இவ்வளவு பெருசா மூச்சு விடுறாங்கன்னா, குழந்தை வச்சிருக்கிறவங்க எவ்வளவு பெருசா விடுவாங்க? சார் அதை யோசிக்காமலா இருப்பாரு?”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.”

ஓடிப்போய்த் தன் கையாலேயே தள்ளுபடி அட்டையைத் தொங்கவிட்டார். அவர் திரும்புவதற்குள் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து இரண்டு பாக்கெட் எடுத்தாள். அவள் யாருக்கோ போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வட்டாரத்துக் கைக்குழந்தைகளின் தாய் தகப்பன்மார் பாதிப் பேர் கடைக்குள் நின்றார்கள். கூட வந்தவர்கள் வெறுங்கையோடு போவானேன் என்று பருப்பும் பிஸ்கட்டும் சேர்த்து அள்ளினார்கள். வாட்ச்மேன் திறந்த வாயை மூடவில்லை.

கூட்டம் வடிந்த பிறகு பெருமூச்சு அம்மா உப்புப் பாக்கெட்டோடு கவுண்டருக்கு வந்தார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. காலில் விழுந்து கும்பிடலாம்போல் இருந்தது, கடை நடுவில் எப்படிக் கும்பிடுவது?

“உப்புக்குக் காசு வேண்டாம்மா. என் கணக்குல இருக்கட்டும். நீங்க தினமும் வரணும், அதுபோதும்.”

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க, தம்பி. உங்களை நான் மறக்கவே மாட்டேன்” என்றார் அந்த அம்மா.

தலைமை அலுவலகத்துக்கு நல்ல செய்தி சொல்ல, போனை எடுத்துக்கொண்டு மேனேஜர் உள்ளே ஓடினார். வாட்ச்மேன் வாசலுக்குப் போய், அந்த அம்மாவுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

கேஷியர் பெண் உப்பைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“டயப்பர் ஆச்சு. நம்ம வீட்டுல எண்ணெயும் தீரப்போகுது, நாளைக்கு அங்க நின்னு பெருமூச்சு விடுங்க, அத்தை!”