கண்ணாடி அறையில் முக்காலி

காட்டுக்குள் இரண்டு கண்ணாடி அறைகள், இரண்டிலும் ஒரு மரக்கன்றும் ஒரு கொடியும். கரியமிலவாயு ஊட்டிய அறையில் கொடி கொழுத்துக் கன்றை அமுக்கிவிட்டது. மற்றதில் வெறும் காற்றுதான். விடும் மூச்சிலும் அதே வாயு இருப்பதால் அதுகூடக் கலக்கக் கூடாதென்று, தண்ணீர் ஊற்றப் போகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நுழைவார்கள். இன்று பார்த்தால், அங்கேயும் கன்றின் கழுத்தைக் கொடி சுற்றியிருந்தது.

"இதுக்குள்ள யாராச்சும் உக்காந்து பேசுனீங்களாம்மா?" வாசலில் நின்றே கேட்டார் பேராசிரியர்.

உள்ளே நின்ற ஆராய்ச்சி மாணவி எஸ்தருக்குக் காது மடல் கொதித்தது. வெளியே கேட்காது என்று தினமும் மதியம் போனில் புருஷனிடம் அவள் கத்தியதும் அழுததும், கொடிக்குப் பக்கத்தில் கிடந்த இந்த முக்காலியில் உட்கார்ந்துதான். அடக்கிய மூச்சோடு, இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். காலி முக்காலிக்கு மேலே, உட்கார்ந்தால் அவள் வாய் இருக்கும் உயரத்தில், கொடியின் தளிர் வளைந்து நின்றது.