பக்கத்து லேன்

தேர்வுக் கூடத்து வாசலில் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள் ஓட்டக்காரி. பக்கத்தில் படியில் இரண்டு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில். நானூறு மீட்டர் இறுதிப் போட்டிக்குக்கூட அவள் இவ்வளவு சீக்கிரம் வந்து நின்றதில்லை.

அவளுடைய பயிற்சி மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மார்க் ஷீட்டா வந்து ஓடப் போகுது என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், இப்போது வாய்க்குள் சூத்திரம் முணுமுணுத்தார்.

எல்லாம் கல்லூரிக்கு வந்த புது முதல்வர் செய்த வேலை. எத்தனை வருடப் பழையதானாலும் சரி, அரியர் வைத்திருக்கும் யாருக்கும் இனி விளையாட்டுப் பிரிவில் இடமில்லை என்று சுற்றறிக்கை விட்டுவிட்டார். மற்றவர்கள் எப்படியோ தேறிவிட, மிச்சம் நின்றது ஒரே ஒரு பேப்பர், புள்ளியியல்.

ஒரு மாதமாகப் பயிற்சி முடிந்ததும், ஹர்டில்ஸ் அடுக்கி வைத்த அறையில் மாஸ்டரும் அவளும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தார்கள். கொட்டாவி விட்டால் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வரவேண்டும் என்பது ஒப்பந்தம். சராசரி என்கிற பாடத்துக்கே பதினேழு சுற்று ஆனது.

பிசியோ அக்கா ஐஸ் பையோடு எட்டிப் பார்ப்பாள். "படிப்பு ஏறுதோ இல்லையோ, மாஸ்டருக்குத் தொப்பை இறங்கியிருக்கு" என்பாள்.

மாஸ்டர் நடையை நிறுத்தினார். "இதுவும் போச்சுன்னா மைதானத்தை மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

"போகாது மாஸ்டர்" என்றாள். அவர் இல்லாத மைதானத்தை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இது தேறாது என்று எல்லோரும் ஒதுக்கிய கால்களை ஓட வைத்தவர் அவர்தான். பக்கத்து லேனைப் பார்க்காதே, உன் கோட்டைப் பார்த்து ஓடு என்று ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் காதில் ஓதுவார்.

மணி அடித்தது. கண்காணிப்பாளர் கதவைத் திறந்து, தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றார். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"பேனாவைப் பிடிங்க மாஸ்டர். ஹால் டிக்கெட்டைக் காட்டிட்டு உள்ள போங்க. பக்கத்து லேனைப் பாக்காதீங்க."